பரணில் காய்ந்த கொப்பி

காலில் மாக்கட்டோடுதான் இதை எழுதுகிறேன். ஆறு வாரத்துக்குக் கால் ஊன்றக் கூடாதாம். கைக்குத் தடை ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகப் போகிற புது ரோட்டின் தடத்தில் நடக்கப் போய், மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் நான் விழுந்த அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்த மழையில் டோர்ச்சோடு நின்றவர்கள். மீதிப் பேர் விடியும்வரை ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்கள். என்னைவிட உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கானுக்குள் இறங்கி என்னைத் தூக்கிய கீழ்ப் பிரிவுப் பையன்கள், சாக்கிலும் இரண்டு மூங்கிலிலும் ஸ்ட்ரெச்சர் கட்டிய பெரியவர், மண் சரிந்த இடத்தில் விடியும்வரை கொழுந்து லொறியை நிறுத்திக் காத்திருந்த ட்ரைவர் அண்ணன், 1990 என்ற எண்ணுக்கு அழைத்ததும் ஆம்புலன்ஸில் வந்த இருவர், வார்டில் என் புலம்பலைப் பொறுத்துக்கொண்ட தாதிமார், அம்மாவிடம் காலையில் பாதி உண்மையை மட்டும் சொன்ன பக்கத்து வீட்டார். இப்படிக் கும்பலாகச் சொல்வதற்குக் கோபிக்காதீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன், ஊன்றுகோலோடு என்றாலும்.

“உனக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸ் நகரத்துக்குத் தெற்கே, 2019 டிசம்பரில் ஓர் அதிவேகப் பாதையைத் திறந்தார்கள். சுமார் 35 கிலோமீட்டர். அதற்காக அங்குள்ள பூர்வகுடிகள் புனிதமாகக் கருதும் மலையின் முகடுகளை வெட்டினார்கள். புல்டோசர் வருவதற்கு முன்பே அப்படிப் பாதை வரும் தடத்தில் ஒருமுறை நடந்து பார்ப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. அங்கே பாலைவனக் கள்ளி, இங்கே அட்டைப்பூச்சி. மற்றபடி பெரிய வித்தியாசமில்லை என்று நினைத்துத்தான் நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம்.

வேலை இதுதான். சிவப்பு நாடா கட்டிய அளவுக் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடப்பது, ஒவ்வொரு கட்டைக்குப் பக்கத்திலும் இருப்பதைக் கொப்பியில் எழுதுவது. பீலி (ஊற்றுத் தண்ணி விழும் இடம்), மாடசாமி கல், கல்லறை, மரக்கறித் தோட்டம், மழைத்தண்ணி இறங்கும் வழி. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி நட்டஈடு கேட்பதற்கு அந்தக் காணியில் உங்களுக்கு உரித்து இருக்க வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்களிடம் எந்த உறுதிப் பத்திரம் இருக்கிறது? மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் காம்பரா, அதாவது லயத்து அறை, தோட்டத்துடையது. அட, ஒரு கொப்பியிலாவது இருக்கட்டுமே என்று நினைத்தோம். தண்ணி வழியை எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு, சரிவை வெட்டப் போகிறார்கள் என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, அக்காவிடம் வருகிறேன். பெயரும் தோட்டமும் எழுத வேண்டாம் என்று மகள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் காம்பராவில்தான் என்னைக் கிடத்தினார்கள். அட்டைக்கு உப்பு வைத்தது, வெந்நீர் போட்டது, ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்தது, மறுநாள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல் பேரை, அந்த நாள் கூலியை, இழந்தது, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கொப்பிக்காக.

கானில் விழுந்தபோது கொப்பியும் என்னோடு விழுந்தது. காம்பராவுக்கு வந்தபோது அது கொப்பி இல்லை, ஒரு களிக் கட்டி. நான் அதை மறந்தேபோய்விட்டேன், வலி அப்படி. நடுச்சாமத்தில் கண் விழித்துப் பார்த்தால் அக்கா அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கிறார். மடியில் கொப்பி. பழைய சேலைத் துண்டால் ஒரு தாளை ஒற்றுகிறார், ஊதுகிறார், மகளின் பழைய பரீட்சைத் தாள் ஒன்றை இடையில் வைக்கிறார், அடுத்த தாளைப் பிரிக்கிறார். கிழியாமல் பிரிக்க நகத்தைத்தான் உபயோகித்தார், கொழுந்து கிள்ளிக் கறுத்த நகம். கூரைத் தகரத்தின் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு விழ, கொப்பியை மடியோடு இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். முடிந்ததும் விறகு காயவைக்கும் பரணில் அதை விரித்து வைத்தார். அப்புறமும் தூங்கவில்லை. நான் விழித்த போதெல்லாம் அவர் எழுந்து அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பார்ப்பதைக் கண்டு ஏதேதோ பேச்சுக் கொடுத்தார், என் வலியை மறக்கடிக்கத்தான். கீழே இருக்கும் பீலி பங்குனியிலும் வற்றாது என்றார். கட்டை அடித்துவிட்டுப் போனதிலிருந்து கூரைத் தகரம் மாற்றவில்லை என்றார். போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு?

விடிந்து என்னைத் தூக்க வந்தார்கள். கொப்பியை ஒரு சீனிப் பையில் சுற்றி என் நெஞ்சில் வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரிக் குனிந்து கேட்டார்.

“தம்பி, இது ரோட்டுக்கு எழுதிட்டுப் போற பொஸ்தகந்தானே? எங்க வீடு இதுல எத்தனாவது பக்கம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பையன்கள் “ஏலேலோ” போட்டுத் தூக்கிவிட்டார்கள். பனிமூட்டத்தில் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பும் மறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை எனக்கு வலி தெரியவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். ராத்திரி முழுக்க அவர் எங்களை ரோட்டு ஆட்கள் என்றே நினைத்திருக்கிறார்! தன் வீட்டை இடிக்கப் போகும் கணக்கு அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் தாள் தாளாகக் காயவைத்திருக்கிறார். அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தள்ளியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கொப்பி கானோடு போய்விட்டது என்று நானே சொல்லியிருப்பேன்.

தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, பாதை இல்லாத காட்டுக்குள் மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ. பிறகு இந்த மலைக்கு ரோட்டு வெட்டியதிலும் தண்டவாளம் போட்டதிலும் நம் ஆட்களின் கை உண்டு. நானுஓயாவுக்கு 1885இல் வந்த ரயில் பதுளையைத் தொட 1924 ஆனது. இந்தக் கட்டைகளும் எத்தனை வருஷம் இப்படியே நிற்குமோ, அதுவரை அக்காவின் கூரை ஒழுகிக்கொண்டிருக்குமோ தெரியாது. புதுத் தகரத்துக்கு நாங்கள் நால்வரும் காசு சேர்த்திருக்கிறோம். மறுக்கக் கூடாது என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று.

கொப்பி இப்போது என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பளம் மாதிரி நெளிந்து, புகை மணத்தோடு. பென்சிலில் எழுதியது தப்பிவிட்டது. பேனாவில் எழுதியது நீலமாக ஊறிப் போயிருக்கிறது.

அக்கா, மகள் இதை வாசித்துக் காட்டுவாள். நாங்கள் ரோட்டு ஆட்கள் இல்லை. உங்கள் வீடு 37ஆம் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கென்று பேனாவில் எழுதித் தொலைத்தேன். “தகரக் கூரை” என்பது மட்டும்தான் தெரிகிறது. பீலியை நாங்கள் பார்க்கவேயில்லை. கால் ஊன்றியதும் வருகிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல, இந்த முறை பென்சிலில் எழுதிக்கொள்கிறேன்.