கொடியில் துணி காயாத நாளில்

கொழிஞ்சாம்பாறை
ஆடி 10

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. எழுபது தாண்டியும் சித்தி செஸ்னா 152 என்ற சின்ன விமானத்தை ஓட்டுவதை விடவில்லை என்பதில் சந்தோஷம். அமெரிக்காவின் எவ்லின் பிரையன் ஜான்சன் 1944-இல் விமானம் ஓட்டப் பழகத் தொடங்கி, மொத்தம் 57,635 மணி நேரம் பறந்தவர். தொண்ணூறு வயதுக்கு மேலும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கணக்கில் சித்தி இன்னும் சின்னப் பெண்.

வெயில் ஊரில் என்ஜினுக்குள் ஐஸ் எப்படிக் கட்டும் என்று கேட்டிருந்தாய். சித்தியோ "ஹீட்டை இழுத்தேன், சரியாப் போச்சு" என்று முடித்துவிட்டாராம்! இங்கே இப்போது சாரல், 25 டிகிரி, கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயவில்லை. ஐஸ் கட்ட இந்தக் காற்றே போதும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்றழுத்தம் குறைகிறது, அங்கேயே பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வெப்பநிலை 30 டிகிரி வரைகூட இறங்கிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே சங்கதிதான். காற்றின் ஈரம், என்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டோரம் உறைந்து வழியை அடைக்கும். த்ராட்டிலைக் குறைத்துக் கீழே இறங்கும்போது இடுக்கு இன்னும் சின்னது, ஆபத்தும் அப்போதுதான் அதிகம்.

ஐஸ் கட்டினால், யாரும் தொடாமலே ஆர்.பி.எம்., அதாவது என்ஜின் சுழலும் வேகம், மெல்ல இறங்கும். பலர் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஹீட் குமிழை முழுசாக இழுக்க வேண்டும், பாதி வேலைக்கு ஆகாது. இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் விழும், சூடான காற்று லேசு. உருகிய நீர் உள்ளே போக, என்ஜின் இருமும், உதறும். இங்கேதான் பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாமல் பொறுத்தால் ஆர்.பி.எம். ஏறிவிடும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து வருவது. என்ஜின் நின்றுபோனால் அதுவும் போச்சு. அதனால் த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே இழுத்துவிடுவது நல்லது.

கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சியடிக்கும் இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்கு இந்தத் தொண்டை கிடையாது, ஆனால் டேங்கில் தண்ணீர் சேர்வது எல்லாவற்றுக்கும் பொது. காலையில் டேங்கின் அடியிலிருந்து சின்னக் குப்பியில் பிடித்துப் பார்ப்பார்கள். 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல் நீலம், தண்ணீர் கனம் என்பதால் அடியில் முத்தாக நிற்கும். முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் கோடே தெரியாது, சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து நீலம் இருக்கிறதா பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

மழைக்காலம் முடிவதற்குள், டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று சித்தியைப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
மணி