அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாயே

அன்பு கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. "அப்பாவும் இல்லை, நானும் லண்டனுக்கு வந்துவிட்டேன், ஸ்காட்லாந்தில் அந்த இன்வருரி ஊரில் உனக்கு இன்னும் என்னம்மா இருக்கிறது?" என்றாய். கோபத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்டாய் என்று தெரியும். இன்று காலையில் பெனஹீ மலைக்குப் போய்விட்டு வந்தேன். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணு. நான் லண்டனுக்கு நிரந்தரமாக வரப்போவதில்லை. குளிர்காலத்தில் ஒரு மாதம் வந்து தம்பியை, என் பேரனை, பார்த்துக்கொண்டு இருப்பேன். ஆனால் வீட்டை விற்கச் சொல்லாதே.

2001-ல் நாம் வந்தபோது உனக்கு ஆறு வயது. வந்த முதல் நவம்பரில் அப்பா நம் இருவரையும் இந்த மலைக்குக் கூட்டிப்போனார். காடு முடிந்து மேலே வந்ததும் எங்கே பார்த்தாலும் காய்ந்த பழுப்பு நிறம், ஈரம், காற்று. "இந்த மொட்டை மேட்டைப் பார்க்கவா வந்தோம்?" என்று அவரிடம் சண்டை பிடித்தேன். நான் தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவள். வெளியூர்க்காரர்கள் "அங்கே வெறும் செம்மணல்தானே" என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதே தவறை இந்த மலைக்கு நானே செய்தேன்.

பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆக்ஸன் கிரெய்க் என்ற சிகரம்தான் உயரம், 528 மீட்டர். ஆனால் ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரிவது 518 மீட்டர் உள்ள மிதர் டாப். அதன் தலையில் இளஞ்சிவப்புக் கிரானைட் பாறைகள் துருத்திக்கொண்டு நிற்பதால் அதுவே உயரம் என்று தோன்றும். மிதர் என்றால் இந்த ஊர்ப் பேச்சில் அம்மா, டாப் என்றால் உச்சி. பள்ளியில் தெரிந்துகொண்டு வந்து நீதான் சொன்னாய். அன்றிலிருந்து நம் வீட்டில் அது 'அம்மா உச்சி'.

ஹெதர் என்று ஒரே பேரில் சொல்கிறோமே, அது மூன்று வகைக் குட்டைப் புதர்ச்செடி. எனக்கு இது தெரியவே ஏழெட்டு வருடம் ஆனது. காய்ந்த பாறைச் சரிவில் இப்போதே, ஜூனிலேயே, அடர்ந்த ஊதாச் சிவப்பில் மணி மணியாகப் பூக்க ஆரம்பித்திருப்பது பெல் ஹெதர். தண்ணீர் தேங்கும் இடத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் கொத்தாகத் தலைகவிழ்ந்து நிற்பது இன்னொன்று. அதற்குப் பக்கத்திலேயே பாசிமேல் அழுகண்ணி இருக்கும். செந்நிற இலையில் பசைத்துளிகளோடு பூச்சிக்குக் காத்திருக்கும். மண்டிபோட்டால்தான் தெரியும். மூன்றாவதுதான் மலை முழுக்கப் பரவியிருக்கும் லிங். ஆகஸ்டில் அது பூத்தால் சரிவு மொத்தமும் நிறம் மாறிவிடும், நடந்தால் பூட்ஸெல்லாம் மகரந்தத்தூள்.

காட்டைத் தாண்டியதும் இன்று கிரௌஸ் ஒன்று காலடியிலிருந்து விருட்டென்று எழுந்தது. கௌதாரியைவிடப் பெரிசு, செங்கபில நிறம், விரல்வரை இறகு மூடிய கால். அதன் குரலை இங்குள்ளவர்கள் "கோ பேக், கோ பேக்" என்று சொல்வார்கள். புதிதாக வந்த காலத்தில் அதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது, உன்னிடம் சொன்னதில்லை. இப்போது அந்தப் பறவையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்இயர் குருவி வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இலையுதிர் காலத்தில் திரும்பிவிடும். குயிலும் அப்படியே. நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், இங்குள்ள குயில் பாவம் நெட்டைக்காலி என்ற சின்னக் குருவியின் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும். கிரௌஸ் மட்டும் எங்கும் போகாது. பனி மூடினாலும் அதை விலக்கி ஹெதர்த் துளிரைக் கொத்தித் தின்றுகொண்டு இங்கேயே கிடக்கும்.

உச்சியைச் சுற்றி இருக்கும் பழைய கோட்டைச் சுவர் உனக்கு நினைவிருக்கும். இங்கே பழங்காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்கள் காலத்தது, ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு அந்தக் கற்களில்தான் உட்காருவோம். இன்று அங்கே ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வயிறு உப்பியிருந்தது. இங்குள்ள குளிர்மண்ணில் முட்டை பொரிக்காது என்பதால் அது வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, தன் உடம்பை வெயிலில் காட்டிச் சூடேற்றி, குட்டியாகவே ஈனும். நான் கால்மணி நேரம் அசையாமல் நின்றேன். அதுவும் அசையவில்லை.

இறங்கும்போது காலனி பக்கம் வந்தேன். போக்கிடமில்லாத குடும்பங்கள் 1800-களில் இந்தப் பொதுநிலத்தில் வந்து கல் பொறுக்கி, மண் திருத்தி, வீடு கட்டி வாழ்ந்த இடம். 1859-ல் சுற்றியிருந்த நிலக்கிழார்கள் மலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அப்புறம் வாடகை கேட்டார்கள், வெளியேற்றவும் செய்தார்கள். கடைசியாக அங்கே தங்கியிருந்தவர் 1939-ல் இறந்தார். இப்போது பாசி பிடித்த சுவர்கள் மட்டும். நிலத்தைத் திருத்தியவனுக்கு அது சொந்தமில்லை என்று எழுதிவைத்தது அநியாயம்தான், எத்தனை வருடம் ஆனாலும்.

இந்த ஹெதரும் தானாக நிலைத்ததில்லை, கயல். மரம் வெட்டி, ஆடு மேய்த்து, தீ வைத்து மனிதர்கள் திறந்து வைத்த நிலம் இது. விட்டுவிட்டால் பைனும் பிர்ச்சும் ஏறி வரும், இப்போதே அங்கங்கே கன்றுகள் தெரிகின்றன. ஹெதரைக் காப்பதா, காட்டை வரவிடுவதா என்று இங்கே பேச்சு உண்டு. கீழ்ச்சரிவில் காடு வரட்டும், உச்சி ஹெதருக்கே இருக்கட்டும் என்பது என் எண்ணம். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்து நாம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது வரிசை வரிசையாக நட்ட ஸ்ப்ரூஸ் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அந்த வெட்டவெளியில் இப்போது ரோவன் கன்றுகள் என் இடுப்புயரம் நிற்கின்றன.

பெனஹீ பெய்லிகள் என்று ஒரு தொண்டர் அமைப்பு 1973 முதல் இந்த மலையைப் பார்த்துக்கொள்கிறது. போன வருடத்திலிருந்து நானும் அவர்களோடு போகிறேன். பாதையில் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் அடைத்த மண்ணை வாருவது என் வேலை. என்னைப் பார்த்ததும் இந்த ஊர்ப் பேச்சில் "ஃபிட் லைக்?", எப்படி இருக்கிறாய், என்பார்கள். நான் "நே பேட்", மோசமில்லை, என்பேன். நீ கேட்டதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. ஹெதர் பூக்க ஆரம்பித்திருக்கும், ப்ளேபெரியும் கொஞ்சம் மிச்சமிருக்கும். நீ சின்ன வயதில் நாக்கெல்லாம் நீலமாக்கிக்கொண்டு வருவாயே, அவனும் தின்னட்டும். முழுக்கால் பேண்ட் எடுத்து வா, உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்ததும் நான் அவனைப் பார்த்து எடுத்துவிடுகிறேன். பாறைப்பக்கம் விரியன் வெயில் காயும், கையை இடுக்கில் விடக்கூடாது என்று இப்போதே சொல்லிவை.

அவனுடைய கால் அளவை அனுப்பு. பூட்ஸ் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா