குன்யாவ மட்டும் விட்டுட்டீங்களே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன இதழ்ல கேன்சர் வராம இருக்க என்ன பண்ணணும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, சிகரெட்ட விடணும், தண்ணி அடிக்கக் கூடாது, நடக்கணும், காய்கறி நெறைய சாப்பிடணும் எல்லாம் சரிதான், ஆனா பர்மா யாங்கோன்ல உக்காந்துகிட்டு கேன்சரப் பத்தி எழுதுறவங்க குன்யாவப் பத்தி, அதான் இங்க எல்லாரும் மெல்லுற வெத்தில பாக்கப் பத்தி, ஒரு வரி கூட எழுதலையே? தெருவுக்குத் தெரு கடை, எங்க பில்டிங் படிக்கட்டு மூலையெல்லாம் செவப்பு (பெயிண்ட் அடிச்சா ஒரு வாரம் தாங்காது).

எங்க மாமா பொயலையே போட மாட்டாரு. வெறும் வெத்தில, பாக்கு, சுண்ணாம்பு, இது நம்ம தாம்பூலம்மா, சாப்பாடு செரிக்கும்னு சொல்லுவாரு. மூணு வருஷம் முன்னாடி காரம் பட்டாலே வாய் எரியுதுன்னாரு, அத்தை மொளகாயக் கொறச்சாங்க, அப்பறம் பாத்தா சோத்து உருண்டையே உள்ள போகல. பல் டாக்டர் மூணு வெரல ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வாய்க்குள்ள விடச் சொன்னாரு, ரெண்டே போகல. கன்னத்துக்குள்ள நார் நாரா இறுகிப் போச்சாம், எல்லாம் பாக்கோட வேல, இனிமே பழையபடி ஆகாது, கேன்சரா மாறவும் வாய்ப்பிருக்கு, அதனால அடிக்கடி வந்து காட்டணும்னுட்டாரு. இப்ப கஞ்சியும் காரமில்லாத மொஹிங்காவும் (மீன் சாறு ஊத்துன நூடுல்ஸ்) தான்.

பொயலை சேத்த வெத்தில கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு 1985லயே சொல்லிடுச்சு. 2003ல திரும்பக் கூடிப் பாத்து, பொயலை இல்லாத வெத்திலயும் அப்படித்தான், பாக்கே கேன்சர் வரவைக்கிற பொருள்தான்னு சொல்லிட்டாங்க. இருபது வருஷம் தாண்டிருச்சு, எங்க மாமா காதுக்கு யாரும் கொண்டு வரல. குன்யா போட்டு, கூடவே சிகரெட்டு தண்ணியும் இருக்கிற ஆளுங்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

கோயில் தட்டுலயும் கல்யாணத்துலயும் வெத்தில பாக்கு வைக்கிறத நான் ஒண்ணும் சொல்லல, அது மரியாதைக்கு. அத வீட்டுக்குக் கொண்டாந்து நாள் பூரா கன்னத்துல அடக்கி வச்சுக்கிறதத்தான் சொல்றேன், அதுவும் பத்து வயசுப் பசங்க ஸ்கூல் விட்டு வரும்போது வாய் செவந்திருக்கு, பாக்கவே வயிறு எரியுது.

அடுத்த இதழ்ல அந்த மூணு வெரல் விஷயத்தப் பெருசாப் போடுங்க. வாய்க்குள்ள வெள்ளையாவோ செவப்பாவோ படை இருந்தாலும், ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருந்தாலும் உடனே காட்டணும்னும் சேத்துப் போடுங்க. நீங்க போடலன்னா நானே எழுதி ஜெராக்ஸ் எடுத்து எங்க தெரு முனை குன்யா கடையில ஒட்டிடுவேன், கடைக்காரத் தம்பி நம்ம பையன்தான், ஒட்டவிடுவான், அவன் வாயும் இப்ப சரியாத் தொறக்கிறதில்ல.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
யாங்கோன்