கொழுகொம்பாக நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். தீபாவளித் துணி மலையாகக் குவிந்துவிட்டது, அதனால் எழுத்தில் சொல்கிறேன். மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டேன்!

போன வருடம் ஆடியில் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் வழுக்கி, இடது ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கியது. எதிர்வீட்டு அக்கா துண்டை இறுக்கிக் கட்டி, வழி முழுக்க என் கையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். ஆட்டோ அண்ணன் வாடகை வாங்கவில்லை, இன்றுவரை மறுக்கிறார். சரி அண்ணா, பாப்பாவின் பாவாடை சட்டைக்கு நானும் கூலி வாங்கப்போவதில்லை.

முதலில் போன இடத்தில் தோலை மட்டும் தைத்து அனுப்பினார்கள். நரம்பைப் பார்த்தீர்களா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. புண் ஆறியது. ஆனால் விரலின் கட்டைவிரல் பக்கம் மரக்கட்டையாகிவிட்டது. துணியைத் தள்ளிக் கொடுப்பதே அந்த விரல்தான். அடியில் ஒரு மடிப்பா, இரண்டு மடிப்பா என்று கண்ணால் பார்க்காமல் தெரியாது. ஒருநாள் வெள்ளை லைனிங்கில் சிவப்புப் பொட்டு தெரிந்த பிறகுதான் ஊசி குத்தியதே தெரிந்தது. அன்று மெஷினுக்கு உறை போட்டு மூடினேன்.

கோவையில் கை அறுவை மருத்துவரிடம் தள்ளிக்கொண்டு போனது என் நாத்தனார். டாக்டர், நீங்கள் படம் வரைந்து சொன்னது இன்னும் என்னிடம் இருக்கிறது. அறுந்த நரம்பின் முனை தழும்பில் முண்டு கட்டியிருக்கிறது, நல்ல நரம்பு தெரியும்வரை அதை வெட்டினால் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி வரும் என்றீர்கள். "இழுத்துத் தைக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். துணி பத்தாத இடத்தில் இழுத்துத் தைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

கெண்டைக்காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப் போடலாம், பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும். இல்லாவிட்டால் இடைவெளிக்குப் பாலமாக, கொலாஜன் என்ற புரதத்தில் செய்த குழாய். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சொன்னீர்கள். இடைவெளி 3 சென்டிமீட்டருக்கு மேல் என்றாலோ, கையை அசைக்கும் பெரிய நரம்பு என்றாலோ குழாயை நம்பமாட்டேன், காலிலிருந்துதான் எடுப்பேன் என்றும் சொன்னீர்கள். அந்த நேர்மைக்குத்தான் முதல் கும்பிடு.

குழாய் மாட்டின் தசைநாணிலிருந்து எடுத்த புரதம், சிலர் வேண்டாம் என்பார்கள், வீட்டில் கேட்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். கேட்டேன். "பாலைக் குடிக்கிறோம், தயிரைப் பிசைந்து சாப்பிடுகிறோம், இதற்கு மட்டும் என்ன?" என்று முடித்துவிட்டார் மாமியார். பணத்துக்குச் சீட்டை முன்கூட்டியே எடுக்க விட்டுக்கொடுத்த தெருப் பெண்களை மறக்கமாட்டேன்.

கையை மட்டும் மரக்கவைத்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. முடிந்த பிறகு சிஸ்டர் நூலைக் காட்டினார். தலைமுடியை விட மெல்லிசு. இருபது வருடமாகத் தைக்கிறேன், அதைப் பிடிக்க எனக்கு வராது. குழாயோ பேனா ரீஃபில் துண்டு மாதிரி இருக்குமாம். அதன் இரண்டு வாயிலும் நரம்பின் முனைகளைச் செருகித் தைத்துவிட்டார்கள்.

உள்ளே நடப்பதைப் பாகற்கொடியை வைத்து விளக்கினார் பிசியோதெரபி தங்கை. வெட்டுக்கு அப்பாலிருக்கும் இழைகள் பட்டுப்போய்விடும், உறை மட்டும் காத்திருக்கும். குழாய்க்குள் ஊறும் நீரில் நார் நாராக ஒரு பாலம் படியும். அதைப் பற்றிக்கொண்டு, நரம்பிழைகளைச் சுற்றியிருந்து காக்கும் ஷ்வான் செல்கள் முன்னே போகும், பின்னால் நரம்பின் துளிர் ஊர்ந்து வரும். தழும்பு உள்ளே புகுந்து வழிமறிக்காமல் குழாய் காக்கும். கொடி ஏறிய பிறகு கொம்பு தானே கரைந்துவிடும். வேகம்? நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்.

ஒவ்வொரு மாதமும் விரலைத் தட்டிக்கொண்டே போவார். எங்கே சுரீரென்று மின்சாரம் ஓடுகிறதோ, துளிர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே பேனாவால் ஒரு கோடு. தையல்காரிக்கே அளவு எடுத்தார்! மூன்றாம் மாதம் கோடு நடு எலும்பில், சித்திரையில் நகத்துக்குப் பக்கத்தில்.

அப்புறம்தான் பெரிய வேலை. வந்து சேர்ந்த இழைகள் பழைய இடத்தில் போய் உட்காரவில்லை, நுனியைத் தொட்டால் பக்கவாட்டில் தொடுவதுபோல் இருக்கும். ஒரு டப்பா கொடுத்தார்: உப்புத்தாள், வெல்வெட், பொத்தான், சாவி, சோழி. கண்ணை மூடித் தடவ வேண்டும், திறந்து பார்க்க வேண்டும், மறுபடி மூட வேண்டும். எனக்கு எரிச்சல் வரும், அவருக்கு வராது.

மகன் போனில் தேடிப் படித்துச் சொன்னான். 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் யோரான் லுண்ட்போர்க் என்ற கை அறுவை மருத்துவரும் கூட்டாளிகளும் எலியின் பின்னங்காலில் ஓடும் சயாட்டிக் நரம்பில் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சிலிக்கான் குழாய் வைத்து, நரம்பு தாண்டி வருவதைக் காட்டினார்களாம். சிலிக்கான் கரையாது. கரையும் கொலாஜன் குழாய்க்கு அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்ததாம். முகம் தெரியாத அவர்களுக்கும் நன்றி. எலிகளுக்கும்தான், சிரிக்காதீர்கள்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் கடுக்கிறது. இரண்டு முனையால் தொட்டால் இரண்டு என்று தெரிய 9 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டியிருக்கிறது, நல்ல விரலுக்கு 6க்குள் போதும். ஆனால் போன வாரம் பட்டு ரவிக்கை ஒன்றுக்கு ஓரம் அடிக்கும்போது அடியில் லைனிங் சுருண்டுகொண்டதை விரல்தான் முதலில் சொன்னது, கண் அப்புறம்தான் பார்த்தது.

தங்கை, டப்பாவைத் திருப்பித் தர வியாழக்கிழமை வருகிறேன். சோழியில் ஒன்று குறைகிறது. மாமியார் பல்லாங்குழிக்கு எடுத்துக்கொண்டார், தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தையல்காரி
ஈரோடு