எல்லா வீட்டு ரவுட்டருக்கும் ஒரே கடவுச்சொல்: இணையச் சேவை நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்: மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்

பொருள்: தங்கள் நிறுவனம் பொருத்திய ரவுட்டரின் பாதுகாப்புக் குறை, தீர்க்காமலே முடித்துவைக்கப்பட்ட புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆறு ஆண்டுகளாகத் தங்கள் ஃபைபர் இணைப்பை வைத்திருக்கிறேன். ஒரு மாதக் கட்டணமும் தவறியதில்லை.

சென்ற மாதம் என் அம்மா, ஓய்வூதியம் வரவாகிவிட்டதா என்று பார்க்க வங்கியின் இணையதளத்தைத் திறந்தார். இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அவருக்கு வயது 71. மேலே தொடராமல் என்னைக் கூப்பிட்டார். அந்த நிதானம் மட்டும் அவருக்கு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அதே தளம் மொபைல் டேட்டாவில் ஒழுங்காகத் திறந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று வழிசொல்லும் டிஎன்எஸ் முகவரியை யாரோ மாற்றியிருந்தார்கள். உள்ளே நுழைய அவர்களுக்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்பட்டிருக்காது. பயனர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. அந்தப் பக்கம் வீட்டுக்கு வெளியிலிருந்தும் திறக்கிறது; மொபைல் டேட்டா வழியாக நானே திறந்து பார்த்தேன்.

வாடிக்கையாளர் சேவையை மூன்று முறை அழைத்தேன். இரண்டு முறை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். மூன்றாவது முறை ரீசெட் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். ஒன்பதே நாளில் முகவரி மறுபடியும் மாறிவிட்டது. மாறாமல் என்ன செய்யும்? ரீசெட் செய்தால் பழைய ‘அட்மின்’தானே திரும்பி வருகிறது! பிறகு கடவுச்சொல்லை நானே மாற்றினேன். அடுத்த வாரம் இணைப்பு நின்றுபோனபோது, கடவுச்சொல்லை நான் மாற்றிவிட்டதால் உதவ இயலாது என்று புகாரை முடித்துவைத்துவிட்டார்கள். வீட்டுக் கதவைப் பூட்டியதற்காக எனக்குக் கிடைத்த தண்டனை இது.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கடவுச்சொல்தான், மாற்றக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு என்று நேரில் வந்த பணியாளர் சொன்னார். உண்மையைச் சொன்ன அவர்மீது தயவுசெய்து நடவடிக்கை எடுக்காதீர்கள். தவறு உத்தரவிட்டவர்களுடையது.

இது எங்கோ ஒரு வீட்டில் நடந்த சிறு கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரேசிலில் 2011 முதல் இதேபோல சுமார் 45 லட்சம் மோடம்களின் டிஎன்எஸ் மாற்றப்பட்டு, மக்கள் போலி வங்கித் தளங்களுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். 2016 நவம்பரில், ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வழியைக் குறிவைத்த ஒரு தாக்குதலால் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது. ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி ஓட்டை என்றால் ஒரு வீடு விழும்போது ஊரே விழும். பிரிட்டனில் எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல் வைத்து விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே தடைசெய்திருக்கிறது. இங்கே தாங்களோ அதை மாற்றுவதைத் தடைசெய்கிறீர்கள்.

எனக்கு மட்டும் புது ரவுட்டர் கொடுத்து இதை முடித்துவிட வேண்டாம். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வையுங்கள். ரீசெட் செய்தாலும் அதுவே திரும்பி வர வேண்டும். வெளியிலிருந்து அமைப்புப் பக்கம் திறப்பதை இன்றே மூடுங்கள். இந்த மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு கடைசியாக எப்போது வந்தது என்று தெரிவியுங்கள். இனி வராது என்றால் பெட்டிகளை மாற்றித் தாருங்கள். அதற்கு முன், அவரவர் ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளும்படி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் முதியவர்கள் பலர். எச்சரிக்கை வந்தால் கூப்பிட அவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. நான் முதன்முறை அழைத்தபோதே தாங்கள் அறிந்துவிட்டீர்கள். தெரிவித்தீர்களா?

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். மாற்றப்பட்ட முகவரிகளைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் மூன்று புகார்களின் எண்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஃபைபர் இணைப்பு வாடிக்கையாளர்