நீண்ட சொற்களை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுங்கள்

கோலாலம்பூர் இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

செந்தூலில் மாலை வேளையில் உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இப்போது இருமொழித் திட்டத்தில் ஆங்கிலத்தில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளே அதிகம் வருகிறார்கள். பாடம் புரிகிறது. நீண்ட சொல் வந்தால்தான் தடுமாறுகிறார்கள். 'மனப்பாடம் செய்' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பிரித்துக் காட்டுங்கள், அதையும் இரண்டு விதமாகக் காட்டுங்கள்.

ஹைப்போகிளைசீமியாவை எடுத்துக்கொள்வோம். வாசிப்பதற்கு ஆறு அசைகள்: ஹை-போ-கிளை-சீ-மி-யா. அழுத்தம் 'சீ'யில் விழும். பொருளுக்கோ மூன்றே உறுப்புகள்: ஹைப்போ குறைவு, கிளைஸ் சர்க்கரை, ஈமியா இரத்த நிலை. இரண்டு பிரிப்பும் ஒரே இடத்தில் விழுவதில்லை. 'கிளைஸ்' என்பதன் கடைசி மெய், அடுத்து வரும் 'ஈ'யோடு சேர்ந்து 'சீ' ஆகிவிடுகிறது. பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். ஆனால் மெய்யின் மேல் உயிர் ஏறுவது அவர்களுக்குப் புதிதா என்ன? தமிழ் வகுப்பில் 'பிரித்து எழுதுக' என்று எத்தனை முறை செய்திருப்பார்கள்! அதை நினைவூட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஹைப்போவுக்குப் பதில் ஹைப்பர் வந்தால் சர்க்கரை அதிகம். வீட்டில் பாட்டிக்கு இனிப்புநீர் இருந்தால், இந்த ஓர் உறுப்பின் வேறுபாடு மிக முக்கியம்.

காஸ்ட்ரோஸ்கோப் (இரைப்பையைப் பார்க்கும் கருவி), காஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் சொல்லில் இடையே வரும் 'ஓ' நம் சாரியை போன்றது. அடுத்து உயிரொலி வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். 'ஐட்டிஸ்' அழற்சி என்று தெரிந்த பிள்ளை, ஹெப்பட்டைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் பற்றிக் கேட்காமலே பாதி சொல்லிவிடும்.

ஊகித்துப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். ஹெலிகாப்டரை 'ஹெலி', 'காப்டர்' என்று வெட்டுகிறோம். கிரேக்க மூலத்தில் அது சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ'வும் இறக்கையைக் குறிக்கும் 'ப்டெர்'உம் சேர்ந்தது. நல்ல அகராதியில் அசைப் பிரிப்பும் சொல்லின் மூலமும் இருக்கும்.

புதுப் பாடம் தொடங்கும்போது ஐந்து நிமிடம் போதும். பலகையில் சொல்லுக்குக் கீழே ஒரு நிறத்தில் அசைகளைக் குறியுங்கள், மேலே வேறு நிறத்தில் உறுப்புகளை. அப்புறம் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். உறுப்புகளை நான் தமிழ் விளக்கத்தோடு தொகுத்து வைத்திருக்கிறேன்; கேட்கும் ஆசிரியர்களுக்குத் தரத் தயார்.

அன்புடன்,
செந்தூல் டியூஷன் ஆசிரியை