லீ கோனிட்ஸுக்கு: நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவே

அன்புள்ள லீ கோனிட்ஸ் அவர்களுக்கு,

ஏப்ரல் 15 மறுபடியும் வந்துவிட்டது. 2020இல் கொரோனா உங்களைக் கொண்டுபோன நாள். அஞ்சலி எழுத வேண்டியவர்கள் அப்போதே எழுதிவிட்டார்கள். இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. ஒரு ஜாஸ் மெட்டிலிருந்து தொடங்கிச் சொந்தக் கற்பனைக்குப் போகும் உங்கள் பத்துப் படிப் பயிற்சியை, நீங்கள் வகுத்த வரிசையிலேயே என் சாக்ஸபோன் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதை நிறுத்துகிறேன். நான்காம் படிக்குப் பிறகு, பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியை உருவாக்கியவர்களில் ஒருவரான சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரை நுழைக்கப்போகிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். கேட்கிறேன். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பியானோக் கலைஞர் லென்னி டிரிஸ்டானோவின் பாடங்கள், ராயல் ரூஸ்ட் கிளப்பில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் குழு, ஸ்டான் கென்டன் இசைக்குழுவோடு போன ஊர்கள் எல்லாம் நீங்கள் வாழ்ந்தவை. உங்களுக்கே அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது 1947 செப்டம்பரில் பதிவான ஒரே ஒரு இசைத்தட்டு.

கிளாட் தார்ன்ஹில் குழு 'ஆந்த்ரபாலஜி' வாசிக்கிறது. பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் செய்த மெட்டு. எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்ற கோர்வையை கில் எவான்ஸ் எழுதிக்கொடுத்திருக்கிறார். நடனத்துக்கு வாசிக்கிற குழு அது. பிரெஞ்சு ஹார்ன், டியூபா என்று கனமான கருவிகள் அடியில் அசையாமல் நிற்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு நடுவே 19 வயதுப் பையன் எழுந்து ஆல்ட்டோ சாக்ஸபோனில் சில பார்கள், அதாவது சில தாளச் சுற்றுகள், வாசிக்கிறான். தொனியில் நடுக்கம் கிடையாது, விப்ராட்டோ என்கிற அசைவு துளியும் இல்லை. பார்க்கரின் மெட்டிலேயே, பார்க்கரின் அழுத்தங்கள் ஒன்றுகூட இல்லாமல் வாசிக்கிறான். அந்த ஆண்டில் ஆல்ட்டோ எடுத்த இளைஞர்களில் ஏறக்குறைய எல்லோரும் பார்க்கராக மாறிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் மாறவில்லை. அந்தச் சில பார்களைக் கேட்கும்போதெல்லாம் உங்கள் மேல் வருகிற பிரியத்தை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டால், நீங்கள் எதையெல்லாம் எடுத்துவிட்டீர்கள் என்பது தெரியும். பார்க்கரின் வரியில் அழுத்தம் தட்டின் மேல் விழாது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில், வரி மேலேறித் திரும்புகிற முனையில் விழும். எஃப் செவன்த் கார்டில் (கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் நோட்களின் கூட்டு) இறங்கும்போது எஃப், ஈ, ஈ ஃப்ளாட், டி, சி, பி ஃப்ளாட், ஏ, ஜி என்று எட்டு நோட்டாக இறங்குவார்கள். ஸ்கேலில் உள்ளவை ஏழுதான். ஈ கூடுதலாகச் செருகியது. அதனால் கார்டுக்குச் சொந்தமான எஃப், ஈ ஃப்ளாட், சி, ஏ நான்கும் சரியாகத் தட்டில் வந்து உட்காரும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அடியில் கார்ட் காதுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். 1945 நவம்பர் 26இல் பதிவான 'கோ-கோ'வில் நிமிடத்துக்கு 300 தட்டு அளவில் 128 பார்கள் பார்க்கர் ஓடியும் ஒரு கார்ட்கூடக் கலங்கவில்லை.

நீங்கள் அழுத்தத்தை எடுத்தீர்கள், நாக்குத் தட்டலை மெல்லியதாக்கினீர்கள், தட்டுக்கு இரண்டாக வரும் எய்ட்த் நோட்களைச் சமமாக்கினீர்கள். இறங்கும் வரியை அரைத்தட்டு தள்ளித் தொடங்கி, கார்ட் நோட்கள் தட்டுக்கு நடுவே விழும்படி விட்டீர்கள். நான்கு பாரில் முடிய வேண்டிய வாக்கியம் ஐந்தாவது பாரின் நடுவில் முடிந்தது. 1949 ஜனவரியில் பதிவான உங்கள் 'சப்கான்ஷஸ்-லீ' மெட்டு முழுக்க இந்த வேலைதான். இதைத்தான் 'கூல்' என்றார்கள். சூடு ஆறிப்போனது என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டவர்கள் அந்த மெட்டை ஒரு தடவை சாக்ஸபோனில் வாசித்துப் பார்க்கட்டும்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்: கையில் இருந்ததால் உங்களால் எடுக்க முடிந்தது. டிரிஸ்டானோ தன் மாணவர்களை இசைத்தட்டோடு சேர்ந்து பாட வைத்த சோலோக்களில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கும் உண்டு, பார்க்கரும் உண்டு. மைல்ஸின் குழுவில் உங்கள் பின்னால் டிரம்ஸில் இருந்தது யார்? 'கோ-கோ'வில் வாசித்த அதே மாக்ஸ் ரோச். அடுத்த பதிவில் கென்னி கிளார்க், ஜே.ஜே. ஜான்சன், ஜான் லூயிஸ். பீபாப்பைச் செய்த கைகளே கூலையும் செய்தன.

இதைப் படிக்கிறவர்கள் பலர் என்பதால் அடுத்த விஷயத்தை அளந்து சொல்கிறேன். வேலையில்லாத கறுப்பினக் கலைஞர்கள் இத்தனை பேர் இருக்க வெள்ளையரான உங்களை ஏன் சேர்த்தாய் என்று மைல்ஸிடம் கேட்டார்கள். நிறம் எனக்குப் பொருட்டல்ல, வாசிப்புதான் பொருட்டு என்று அவர் உங்கள் பக்கம் நின்றார். அவர் நின்றது சரி. அப்படிக் கேட்டவர்களின் வலியும் பொய்யில்லை. பியானோக் கலைஞர் மங்க், பார்க்கர் போன்ற கறுப்பினக் கலைஞர்களுக்கு நியூயார்க் கிளப்களில் வாசிக்கும் அனுமதி அட்டையே பறிபோன காலம் அது. 1954 நவம்பரில் 'டைம்' பத்திரிகையின் அட்டைக்குப் போனவர் வெள்ளையரான பியானோக் கலைஞர் டேவ் புரூபெக். கறுப்பினத்தவரான டியூக் எலிங்டன் இருக்கத் தன்னைப் போட்டது புரூபெக்கையே சங்கடப்படுத்தியது. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

பயிற்சிக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது எளிமையானது: முதல் படியில் மெட்டை உள்ளபடி வாசி, படிக்குப் படி கொஞ்சம் கொஞ்சமாக அலங்காரம் சேர், பத்தாம் படியில் முழுக்க அந்தக் கணத்தின் உந்துதல் மட்டும் இருக்கட்டும். 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' எடுத்தால் ஆல்ட்டோவில் முதல் மூன்று பார்களின் முக்கிய நோட்கள் எஃப், பி ஃப்ளாட், ஈ. மூன்றுமே அந்தந்த கார்டின் மூன்றாம் நோட். மெட்டை ஒழுங்காகப் பாடினாலே ஹார்மனியில் பாதி வந்துவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் 60இல், இரண்டாம் நான்காம் தட்டுகளில் மட்டும் அடிக்கட்டும். முதல் இரண்டு படி வாயால்தான். சாக்ஸபோன் பெட்டியிலேயே இருக்கலாம். மூன்றாவதில் மெட்டின் நோட்டுக்கு முன்னால் அதன் பக்கத்து நோட் ஒன்று. நான்காவதில் காலியான தட்டுகளை நிரப்புவது. இதுவரை உங்கள் வழியைவிடச் சிறந்தது நான் அறிந்து இல்லை.

ஐந்தாவதில் எய்ட்த் நோட்கள் வருகின்றன. வண்டி அங்கேதான் கவிழ்கிறது. அந்தப் பாட்டு 36 பாரில் ஐந்து சுருதிகளுக்குப் போய்வருகிறது. பார்க்கர் காதில் ஏறாத மாணவன் ஒவ்வொரு பாரையும் முதல் தட்டில் தொடங்கி, ஸ்கேலில் ஏறி இறங்கி, பார் முடிகிற இடத்திலேயே மூச்சு விடுவான். கார்ட் நோட் எங்கே விழுகிறது என்பது அவனுக்கே தெரியாது. கேட்டால், "நான் லிக் (முன்பே தயாரித்த சிறு வரி) வாசிக்க மாட்டேன், கோனிட்ஸ் மாதிரி வாசிக்கிறேன்" என்பான். தொனிக்கும் இதே கதைதான். மெல்லிய சத்தம் வேண்டுமென்று காற்றைக் குறைப்பான். சத்தம் செத்துப்போகும், சுருதி இறங்கும். இறங்கிய சுருதியைத் ஊதும் முனையில் அதிரும் தகடான ரீடைத் தாடையால் கடித்து ஏற்றுவான். மேல் நோட்கள் எல்லாம் சுருதிக்கு மேலே போய்விடும். உங்கள் தொனிக்கு அடிவயிற்றிலிருந்து முழுக்காற்று வேண்டும், கடியைத்தான் தளர்த்த வேண்டும். நீங்களே சுருதிக்கு ஒரு இழை மேலே நின்றீர்கள் என்பதும் உண்மை. உங்கள் வாசிப்பில் அது அழகு. அதைப் பார்த்துப் பழகுகிறவர்களிடம் அழகில்லை.

இங்கேதான் உங்கள் மேல் எனக்குக் கோபம். உண்மையாக உதிக்காததை வாசிக்காதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னீர்கள். அப்படி உதிப்பதற்கு உங்களுக்குள்ளே எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதை அதே அளவு உரக்கச் சொல்லியிருக்கலாமே. கேட்டவர்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தயாரித்த வரிகளை ஒதுக்கச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கற்க வேண்டியதையும் ஒதுக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, டிரம்ஸ். டிரிஸ்டானோ டிரம்மரிடம் கேட்டது சலனமில்லாத காலக்கணக்கு. வரி அவ்வளவு நுணுக்கமாக நகரும்போது கீழே குறுக்கீடு கூடாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1961 ஆகஸ்டில் 'மோஷன்' பதிவில் எல்வின் ஜோன்ஸை வைத்துக்கொண்டு வாசித்தீர்கள். பியானோகூட இல்லை, சன்னி டல்லாஸின் பாஸும் எல்வினின் டிரம்ஸும் மட்டும். எல்வின் நாலா பக்கமும் அலையடிக்கிறார், உங்கள் வரி அதற்குள் ஒரு நூல் பிசகாமல் போகிறது. உங்கள் வாசிப்பு அந்த டிரம்ஸைத் தாங்கியது மட்டுமில்லை, அதில் செழித்தது. இது தெரிய 1961 வரை ஏன் ஆக வேண்டும்? நடுவில் போன ஆண்டுகளை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆகவே வரிசை இப்படி. உங்கள் நான்கு படிகள் அப்படியே. பிறகு உங்கள் பயிற்சியை மூடிவைத்துவிட்டு, பார்க்கரின் 'நவ்ஸ் த டைம்'. 'கோ-கோ' பதிவான அதே நாளில் பதிவானது. 12 பார் புளூஸ், ஓட வேண்டியதில்லை. ஒரு கோரஸை, அதாவது அந்த 12 பாரின் ஒரு முழுச் சுற்றை, இசைத்தட்டோடு அழுத்தம் உட்பட பாட வேண்டும். பாட வந்த பிறகு வாசிக்க வேண்டும். அதற்கப்புறம் அதே கோரஸை அழுத்தம் எடுத்துவிட்டு, பிறகு அரைத்தட்டு தள்ளி. எதை எடுக்கிறோம் என்று விரலுக்கும் காதுக்கும் தெரிந்த பிறகே உங்கள் ஐந்தாம் படி. ஆறாம் படியிலிருந்து டிரம்ஸ் இல்லாமல் யாரும் வாசிக்கக் கூடாது, ஆள் கிடைக்காவிட்டால் பதிவுசெய்த டிரம்ஸ் போதும். டிரிஸ்டானோ இருந்தால் இதற்குச் சண்டைக்கு வருவார். எல்வினோடு வாசித்தவர் நீங்கள். நீங்கள் வர மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசிப்பைப் பாடமாக வைத்திருக்கும் ஓர் ஆசிரியர்